டவுன்வெல்: சுடும் பூட்ஸோடு கிணற்றில் இறங்குவது எப்படி?

“சுடாதீங்க மாமா, மிதிங்க.”

அக்கா மகன் இப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான் வந்தது. எட்டாவது படிக்கிற பையன். நானோ இரண்டு மாதமாகத் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று டவுன்வெல் என்ற போன் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது உலகத்தை ஒருநாள்கூடத் தாண்டவில்லை. அவன் என் போனை வாங்கி, குரோம்பேட்டை வீட்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே மூன்றாவது உலகத் தண்ணீரில் போய் விழுந்தான். பிறகுதான் அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். இந்த வழிகாட்டியில் பாதி அவன் சொன்னது, மீதி நான் செத்துச் செத்துக் கற்றது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. டவுன்வெல் 2015 அக்டோபர் 15 அன்று ஐபோனுக்கும் விண்டோஸ் கணினிக்கும் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2016 ஜனவரியில் வந்தது. செய்தவர் ஓஜிரோ ஃபுமோட்டோ. மோப்பின் என்ற பெயரில் இயங்கும் ஜப்பானியர், டோக்கியோவில் ஆப்பரா (மேற்கத்திய இசை நாடகம்) பாட்டு படித்தவர். வாரத்துக்கு ஒரு சின்ன ஆட்டம் செய்வது என்று தனக்குத்தானே கணக்கு வைத்துக்கொண்டு பழகியபோது முளைத்த யோசனை இது. வெளியிட்டது டிவால்வர் டிஜிட்டல். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவன் கிணற்றில் குதிக்கிறான். காலில் துப்பாக்கி பொருத்திய பூட்ஸ், அதன் பெயர் கன்பூட்ஸ். அது கீழ்நோக்கி மட்டும்தான் சுடும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்றே நிறம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இங்கே வேலையே அதுதான்.

சரி, இறங்கலாம்.

பிடிக்கும் விதம்

போனைச் செங்குத்தாகப் பிடித்து ஆடும் ஆட்டம் இது. இடது பக்கம் இரண்டு பொத்தான், இடமும் வலமும் நகர. வலது பக்கம் ஒரே பொத்தான். தரையில் நிற்கும்போது அதைத் தொட்டால் குதிப்பான், காற்றில் இருக்கும்போது தொட்டால் சுடுவான். மொத்தக் கட்டுப்பாடும் இவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும், ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். ரயிலில் சிக்னல் போய்விட்டு வந்தாலும் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு கட்டைவிரலும் வேண்டும் என்பதால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் ஆட நினைக்காதீர்கள். நான் முயன்றிருக்கிறேன். பரங்கிமலையில் வண்டி பிரேக் போட்டபோது கிணற்றுக்குள் இருந்தவனோடு நானும் விழப் பார்த்தேன். உட்கார இடம் கிடைத்தால் மட்டும் ஆடுங்கள். மே மாதம் என்றால் கைக்குட்டை மடியில் இருக்கட்டும். வியர்த்த விரல் கண்ணாடியில் வழுக்கினால் இடம் என்று தொட்டது வலமாகப் போகும்.

கணினியில் ஆடுபவர்கள் கீபோர்டிலேயே ஆடலாம். ஆனால் கன்ட்ரோலர் இருந்தால் விரல் சீக்கிரம் பழகும். ரிட்சி தெருவில் பழைய கன்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால், திசைப் பொத்தானை அங்கேயே நாலு தடவை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். இந்த ஆட்டத்துக்கு அனலாக் குச்சியைவிட அந்தப் பொத்தான்தான் முக்கியம்.

முதல் பத்து இறக்கம்: சுடுவதைக் குறையுங்கள்

புதிதாக ஆடுகிற எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பொத்தானை அழுத்திப் பிடித்து, கீழே எது இருக்கிறதோ அதையெல்லாம் சுட்டுக்கொண்டே இறங்குவது. கன்பூட்ஸில் ஆரம்பத்தில் எட்டு சார்ஜ்தான், அதாவது சுடுவதற்கான சக்தி. சாதாரண மெஷின் கன்னில் அது ஒரு நொடியில் காலி. காலியானதும் கல் போல விழுவான், விழுகிற இடத்தில் ஏதாவது காத்திருக்கும். உயிர் நாலுதான், நாலு அடி பட்டால் கதை முடிந்தது.

சார்ஜ் திரும்ப நிரம்ப இரண்டு வழி. ஒன்று, தரையில் கால் வைப்பது. இன்னொன்று, எதிரியின் தலையில் மிதிப்பது. மிதித்தால் எதிரியும் காலி, சார்ஜும் முழுதாக நிரம்பும், நீங்களும் மேலே எகிறுவீர்கள். ஒரே காரியத்தில் மூன்று லாபம். அதனால்தான் பையன் மிதிக்கச் சொன்னான்.

அப்படியானால் சுடுவது எதற்கு? சுடும்போது பின்னுதைப்பால் விழும் வேகம் குறையும். இந்த ஆட்டத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. கன்பூட்ஸை ஆயுதம் என்று நினைக்கும்வரை நான் தோற்றேன். பிரேக் என்று நினைக்க ஆரம்பித்த நாள் மூன்றாவது உலகத்தைப் பார்த்தேன். விழுகிறீர்கள், கீழே வௌவால் தெரிகிறது, அது எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியவில்லை. ‘டக்’ என்று ஒரே ஒரு குண்டு. வேகம் குறைகிறது, அரை நொடி கிடைக்கிறது, அதற்குள் நகர்ந்து அதன் தலைக்கு நேராக வந்து மிதிக்கிறீர்கள். அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டிச் சுடப் பழகுங்கள். நல்ல டிரைவர் பிரேக்கை மிதித்த காலை அப்படியே வைத்திருக்க மாட்டார், தொட்டுத் தொட்டு விடுவார், அதே மாதிரி.

முதல் பத்து இறக்கத்துக்கு ஒரு பயிற்சி: எதிரியைக் கொல்ல மிதி மட்டும், வேகத்தைக் குறைக்க மட்டும் குண்டு. நிறையச் சாவீர்கள். பரவாயில்லை, செத்தால் அடுத்த ஆட்டம் உடனே தொடங்கும்.

வெள்ளையா, சிவப்பா?

எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாது? உடம்பு வெள்ளையாக இருப்பதை மிதிக்கலாம். சிவப்பாக இருப்பதை மிதித்தால் உங்களுக்குத்தான் அடி, அதைச் சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே சார்ஜைச் சேமித்து வைப்பது சிவப்புகளுக்காக. கீழே சிவப்பு தெரியும்போது பூட்ஸ் காலியாக இருந்தால் அது உங்கள் தவறு, ஆட்டத்தின் தவறு அல்ல.

இதை ஒட்டி ஒரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. ஆட ஆட, நீங்கள் சேர்த்த சிவப்புக் கற்களின் (ஆட்டத்தில் காசு இவைதான்) மொத்தக் கணக்கை வைத்துப் புதுப்புது நிறக் கலவைகள் திறக்கும். பச்சை, ஊதா என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். மாற்றினால் ஆபத்தின் நிறமும் சேர்ந்து மாறிவிடும். கண் பழகும்வரை ஆரம்ப நிறத்திலேயே இருங்கள். நான் ஆசைப்பட்டு மாற்றிவிட்டு இரண்டு நாள் முள்ளை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டு ஓட்டைகள்

இறங்கும் வழியில் சுவரில் குகை வாய்கள் தெரியும், சுற்றி ஒரு குமிழி இருக்கும். அந்தக் குமிழிக்குள் போனால் வெளியே நேரம் நின்றுவிடும். துரத்தி வந்த எதிரி அப்படியே அந்தரத்தில் உறைந்து நிற்பான். மூச்சு வாங்கவும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இதைவிட நல்ல இடம் இல்லை. உள்ளே கற்குவியல் இருக்கலாம், கடை இருக்கலாம், புதுத் துப்பாக்கி மாட்யூல் இருக்கலாம்.

தவறாமல் நுழையுங்கள். சுவரில் உதைத்து எகிறவும் முடியும் என்பதால், வாயைத் தாண்டி ஒரு அடி கீழே போயிருந்தாலும் சில சமயம் ஏறிவிடலாம். ஆனால் ரொம்பத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். தவறிய குகைக்காக மேலே பார்த்துக்கொண்டு விழுபவன் கீழே இருப்பதில் மோதுவான்.

கடையில் கற்களைக் கொடுத்து உயிரும் சார்ஜும் வாங்கலாம். கையில் காசு இருந்தால் உயிரை வாங்குங்கள், நிறைந்திருந்தாலும் வாங்குங்கள். உயிர் முழுதாக இருக்கும்போது கூடுதலாக வரும் ஒவ்வொன்றும் வீண் போகாமல் ஓரமாகச் சேரும். அப்படி நாலு சேர்ந்தால் உங்கள் உச்ச உயிர் ஒன்று கூடும். இதை அறியாமல் ‘உயிர் ஃபுல்லா இருக்கே’ என்று கடையைத் தாண்டிப்போன நாட்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

துப்பாக்கிகள்

மாட்யூலை எடுத்தால் பழைய துப்பாக்கி போய்ப் புதியது வரும். எடுக்கும் ஒவ்வொன்றோடும் இலவச இணைப்பு ஒன்று உண்டு. இதயம் போட்டிருந்தால் ஒரு உயிர், பேட்டரி போட்டிருந்தால் சார்ஜின் அளவு கூடும். அதனால் துப்பாக்கி பிடிக்கிறதோ இல்லையோ, உயிர் குறைவாக இருந்தால் இதயத்துக்காகவே எடுக்கலாம்.

மெஷின் கன்: ஆரம்பத் துப்பாக்கி, பிரேக்காகப் பயன்படுத்த இதுதான் மிக நல்லது. தட்டித் தட்டி ஆடப் பழகியவர்கள் இதிலேயே கடைசிவரை போகலாம். பர்ஸ்ட் ஒரு அழுத்துக்கு மூன்று குண்டு விடும், டிரிபிள் மூன்று பக்கம் விரித்துச் சுடும். ஷாட்கன் சுட்டால் உதைப்பு பலம், ஆளையே மேலே தூக்கும், ஆனால் சார்ஜைத் தின்னும். லேசர் வழியில் இருப்பதையெல்லாம் துளைக்கும், விலை அதிகம், நாலு தடவை சுடுவதற்குள் பூட்ஸ் வறண்டுவிடும். பஞ்சர் பெரிய அகலமான குண்டு. நாப்பி என்று ஒன்று உண்டு. எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சார்ஜ் எட்டு, பத்து என்று இருக்கும்போது லேசரையும் ஷாட்கன்னையும் தொடாதீர்கள். பேட்டரி நாலைந்து சேர்த்த பிறகு எடுத்தால் அவற்றின் அருமை தெரியும்.

காம்போ: நொண்டி ஆட்டம்

சின்ன வயதில் நொண்டி ஆடியிருப்பீர்கள். தூக்கிய கால் தரையில் பட்டால் அவுட். டவுன்வெல்லின் காம்போவும் அதே விதிதான். தரையில் கால் வைக்காமல் எத்தனை எதிரிகளைத் தீர்க்கிறீர்களோ அத்தனை எண்ணிக்கை கூடும். சுட்டுக் கொன்றாலும் சேரும், மிதித்துக் கொன்றாலும் சேரும். கால் வைத்த நொடியில் கணக்கு முடிந்து பரிசு வரும்.

எட்டு சேர்ந்தால் 100 கல். பதினைந்து சேர்ந்தால் அதோடு ஒரு சார்ஜ் கூடும். இருபத்தைந்து சேர்ந்தால் கல், சார்ஜ் இரண்டோடு ஒரு உயிரும். அதற்குமேல் எவ்வளவு போனாலும் பரிசு அதேதான், எனவே 25 தொட்டதும் பேராசைப்படாமல் தரை தேடுங்கள்.

எண்களைப் பார்த்தாலே புரியும்: ஆட்டம் உங்களைத் தரையிலிருந்து விரட்டுகிறது. தரை பாதுகாப்பு, ஆனால் தரையில் சம்பாத்தியம் இல்லை. நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். முதலில் எட்டை மட்டும் குறி வையுங்கள். 1-1இல், அதாவது முதல் உலகத்தின் முதல் கட்டத்தில், எதிரிகள் மெதுவானவர்கள், ஒரு கட்டத்துக்கு இரண்டு தடவை எட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கை பழகியதும் பதினைந்து. இருபத்தைந்து தானாக வரும், தேடிப் போனால் வராது.

ஒரு தடவை எனக்கு இருபத்துமூன்று வரை போயிற்று. பழவந்தாங்கல் தாண்டியிருந்தது. திரையில் மேலே ஒரு வௌவால், கீழே வலது ஓரத்தில் இன்னொன்று, நடுவில் உடைக்கக்கூடிய கட்டைகளின் வரிசை. பூட்ஸில் மூன்று குண்டு. கட்டைமேல் விழுந்தால் நொண்டி முடிந்தது. இரண்டு குண்டில் கட்டையை உடைத்து ஓட்டை போட்டேன், ஓட்டை வழியாக நழுவினேன், மூன்றாவது குண்டில் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் போய் வௌவாலை மிதித்தேன். இருபத்துநாலு. பூட்ஸ் நிரம்பியது, மேலே எகிறினேன், பின்னால் வந்த முதல் வௌவால் நேராகக் காலுக்குக் கீழே வந்தது. அந்த நேரம் பார்த்து, “சுண்டல், சுண்டல்” என்று வந்தவரின் கூடை என் முழங்கையில் இடித்தது. விரல் இடது பக்கம் போனது, சுவரோரத் திட்டில் பொத்தென்று நின்றான். பதினைந்துக்கான பரிசுதான். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன், வேறென்ன செய்ய.

அதில் கவனிக்க வேண்டியது கட்டையை உடைத்த இரண்டு குண்டு. காம்போ ஓடும்போது கட்டைகள்தான் பெரிய எதிரி. கால் படும் முன்பே உடைத்துவிட வேண்டும், அதற்குச் சார்ஜ் மிச்சம் வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் மிதிக்க ஆள் தேடுங்கள், இல்லையென்றால் தரையைத் தேடுங்கள். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தாலே பாதிச் சாவு குறையும்.

கற்களைத் தொடர்ந்து வேகமாக அள்ளினால் ‘ஜெம் ஹை’ என்ற நிலை வரும், அது இருக்கும்வரை குண்டுகளுக்கு பலம் கூடும். அதுவும் ஓடிக்கொண்டே இருப்பவனுக்குத்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும்

ஒரு கட்டம் முடிந்ததும் மூன்று மேம்பாடுகள் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். எல்லாவற்றையும் பட்டியல் போடவில்லை, எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்தான் சுவாரசியம். நான் கண்டவுடன் எடுப்பவை மட்டும்: சார்ஜ் தீர்ந்த பிறகு விழுவதைத் தாங்கும் சேஃப்டி ஜெட்பேக், கற்களை இழுத்துத் தரும் ஜெம் அட்ராக்டர், கல் எடுத்தாலே பூட்ஸ் நிரம்பும் ஜெம் பவர்டு. கடைசி இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அன்று நல்ல நாள். கூடவே வந்து சுடும் டிரோனும் மோசமில்லை. பிணங்களைத் தின்று உயிர் சேர்க்க நைஃப் அண்ட் ஃபோர்க் என்று ஒன்று உண்டு. அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் பொறுமையாக ஆடுபவர்களுக்கு நன்றாக உதவும். பலூன் விழும் வேகத்தைக் குறைக்கும், புதியவர்களுக்கு நல்லது. அடிபட்டால் வெடித்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

நாலு உலகம்

ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம். முதல் உலகமான கேவர்ன்ஸ், சொல்லப்போனால் பள்ளிக்கூடம். இங்கே உயிரை இழக்காமல் வெளியே வருவதைப் பழக்கமாக்குங்கள். இரண்டு உயிரோடு இரண்டாம் உலகம் போனால் திரும்பி வருவது கஷ்டம்.

இரண்டாவது கேட்டகோம்ப்ஸ். எலும்புக்கூடு, சுவரைப் பொருட்படுத்தாமல் வரும் பேய். இங்கே நின்று யோசிக்கிற பழக்கம் எடுபடாது. நின்றால் பேய் வரும். நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டது இங்கேதான், ஒவ்வொரு திட்டிலும் நின்று சார்ஜ் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அக்விஃபர், தண்ணீர். விழும் வேகம் மாறும், முதல் தடவை கை குழம்பும். மூச்சு அளவு ஒன்று குறைந்துகொண்டே வரும், வழியில் காற்றுக் குமிழிகளைப் பிடித்து நிரப்ப வேண்டும். வேகம் குறைவதால் பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது, குண்டைக் கொல்வதற்கே செலவழிக்கலாம். அதனால் இந்த ஒரு உலகத்தில் மட்டும் என் பழைய கெட்ட பழக்கம் கைகொடுத்தது. ஆனால் எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டு மூச்சை மறந்தால் உயிர் போகும்.

நாலாவது லிம்போ. நிற்க இடம் தேடினாலும் கிடைப்பது அரிது. சார்ஜ் நிரம்ப மிதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னே நொண்டி பழகியவர்களுக்கு இது திருவிழா, பழகாதவர்களுக்கு நேராக அடிவாரம். அதற்கும் கீழே ஒரு பெரிய எதிரி காத்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லிவிட்டால் இவ்வளவு தூரம் இறங்கியதற்குப் பலன் இல்லை, நீங்களே பாருங்கள்.

எந்த ஸ்டைல்?

கற்கள் சேரச் சேர ஆள் விழும் விதமும் திறக்கும். போல்டர் ஸ்டைலில் உருண்டையாகச் சுருண்டு விழுவான். ஆரம்ப உயிர் ஆறு, ஆனால் மேம்பாடு தேர்ந்தெடுக்க மூன்றுக்குப் பதில் இரண்டுதான் காட்டும். புதியவர்கள் தயங்காமல் இதை எடுங்கள். தேர்வு குறைவதால் வரும் நஷ்டத்தைவிட இரண்டு உயிரின் லாபம் அதிகம். லெவிடேட்டில் மிதந்து மெதுவாக விழுவான். கேட்க நன்றாக இருக்கும். வேகத்துக்குப் பழகிய கைக்கு அது பெரிய தொல்லை.

அக்கா மகன் இப்போது ஹார்டு மோடில் இருக்கிறான். ஆட்டத்தை ஒருமுறை முடித்தால் அது திறக்கும். நான் இன்னும் சாதாரணத்தில், போல்டரில், லிம்போ இரண்டாம் கட்டத்தில். நேற்று நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டியவன் எழும்பூரில் இறங்கினேன். நிறுத்திவைக்க ஒரு பொத்தான் திரை மேலேயே இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனில் அதை அழுத்திவிடுங்கள்.